பதினாறாம் குழி

அத்தியாயம் ஏழு

ராகு காலம் முடியும் வரை விமலநாதன் கதவைத் திறக்கப் போவதில்லை என்பது, மொன்ட்ரியால் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், ஒக்டோபர்க் காற்றில் இருபது நிமிடம் நின்று மூக்கு விறைத்த பிறகுதான் சுபாஸ்கரனுக்கு விளங்கியது.

களஞ்சியத்தின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் கணக்குப் பார்க்கிற கந்தோர் மேசைக்குப் பின்னால் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குளிரில் நிற்கிற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே குடித்தார். அவருடைய தலைக்கு மேலே கனகசிங்கம் பலசரக்குக் கடையின் கலண்டர், நாளுக்கொரு தாள் கிழிக்கிற ரகம். இன்றைய தாளில் 22, புதன். அடியில் ராகு காலம் 12.00 - 1.30 என்ற வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். சுபாஸ்கரன் கதவைத் தட்டிய போதெல்லாம் விமலநாதன் வாய் திறக்காமல் அந்த வட்டத்தைச் சுட்டிக் காட்டினார்.

"அக்கா, மனுசன் வந்த ஆக்களைக் கவனிக்கிறதை விட ராகுவை நல்லாக் கவனிக்குது," என்றான்.

றோசலின் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மட்டக்களப்புக்காரி. பதினேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறாள். யாராவது பொய் சொன்னால் அவள் குறுக்கே விழ மாட்டாள், ஆறுதலாகச் சொல்லி முடிக்க விடுவாள். சுபாஸ்கரன் அவளுடைய சாரதி, உதவியாள், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன். ஒரு காலத்தில் சுன்னாகத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். திருத்திக் கொடுத்ததில் பாதி திரும்பி வந்தது, மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள் என்று அவனே சொல்லுவான்.

விசயம் இதுதான். விமலநாதனிடம் பழங்காலத்து பிங்கோ பின்போல் மெசின்கள் பதினேழு இருந்தன. கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கிச் சேர்த்து, இரவிச்சந்திரன் என்ற திருத்துநரைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் உயிர் கொடுக்க வைத்தார். போன சனிக்கிழமை மத்தியானம் நாற்பது பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒரு மெசினில் ஆடிக்கொண்டிருந்த அருமைநாதனுக்கு மின்சாரம் அடித்தது. நாலு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். உள்ளே, கசிகிற மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் ஏர்த் வயர் கழன்று கிடந்ததைப் பொலிஸ் கண்டது. அந்த மெசினைக் கடைசியாகத் திருத்தியவன் இரவிச்சந்திரன், ஏழாம் திகதி. திருகாணியை இறுக்க மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். நாளைக் காலை அவன் மேல் குற்றச்சாட்டுப் பதியப் போகிறார்கள். அவனுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. குற்றம் பதிந்தால் விண்ணப்பம் அத்தோடு சரி. பிறகு மனைவி அஜிதாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

அஜிதா சுகம் விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அருமைநாதனின் மனைவி புஷ்பராணி, விமலநாதனின் ஒரே தங்கச்சி. வாசலிலேயே மறித்து, "உன்ரை புருசன்ரை கை அழுகிப் போகோணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அங்கிருந்து நேரே றோசலினிடம் வந்துதான் அஜிதா அழுதாள்.

ஊரெல்லாம் ஏர்த் வயரைப் பற்றிக் கதைத்தது. றோசலின் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பக்கத்தில் நின்றவர்கள் ஒரே மாதிரிச் சொன்ன விசயம்: அருமைநாதன் உருட்டிய குண்டு பதினாறாம் குழியில் விழுந்தது, கண்ணாடிச் சீட்டில் பதினாறாம் இலக்கம் எரியவில்லை. "என்ரை பதினாறு எங்கை?" என்று கேட்டு, ஒரு கையைப் பக்கத்து மெசினில் ஊன்றிக்கொண்டு மறு கையால் முன் இரும்புச் சட்டத்தில் அடித்தார். அடித்த கை திரும்பி வரவில்லை. ஆனால் இரவிச்சந்திரனோ ஏழாம் திகதி இருபத்தைந்து குழியிலும் குண்டைப் போட்டுப் பார்த்து, இருபத்தைந்தும் எரிந்ததாகக் கொப்பியில் சரி போட்டு வைத்திருந்தான்.

"ஏர்த் வயர் கழண்டா, ஒரு பல்ப் மட்டும் ஏன் நூந்து போகுது, சுபாஸ்?" என்று காரில் வரும்போது அவள் கேட்டாள்.

சரியாக ஒன்றரைக்குக் கதவு திறந்தது.

"முக்கால் மணித்தியாலம்," என்றார் விமலநாதன். அறுபது வயது, இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் கதவுப் பூட்டின் ஒற்றைத் திறப்பு தொங்கியது. "இன்சூரன்ஸ்காரர் சொன்னதாலை விடுறன். இல்லாட்டி என்ரை படியிலையும் மிதிக்க விடன். அந்த நாய்க்குப் பரிஞ்சு கதைக்க ஒரு பொம்பிளை, அவவுக்கு ஒரு வால்."

"வால் எண்டா நன்றியுள்ள சாமான், ஐயா," என்றான் சுபாஸ்கரன். "கோவம் வந்தாலும் கடிக்காது."

"வாயை மூடு."

விமலநாதன் தன் போனை ஒரு தாங்கியில் பூட்டி மெசினுக்கு எதிரே வைத்தார். சிவப்புப் புள்ளி மினுங்கத் தொடங்கியது. "நான் எல்லாத்தையும் வீடியோ எடுக்கிறனான். அவன் திருத்தேக்கையும் பின்னாலை நிண்டு ஒவ்வொரு வயரையும் எடுத்தனான். பேந்து ஒருத்தரும் என்னை ஏமாத்தேலாது."

"நல்லது அண்ணன். அப்ப என்டதையும் பக்கத்துல வைக்கிறன்," என்று றோசலின் தன் போனையும் வைத்தாள். "ஏழாம் திகதிக்குப் பிறகு இந்த மெசினை ஆராவது திறந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. அண்டைக்குப் பின்னேரமே அவனிட்டை இருந்த திறப்பைப் பறிச்சிட்டன். அடுத்த நாள் முன் கதவு, பின் கதவு, ரெண்டு பூட்டையும் மாத்தினன். இப்ப இருக்கிறது ஒரு திறப்பு. அது இந்தா, என்ரை இடுப்பிலை."

"ஏன் பறிச்சீங்க?"

"நேத்து வந்தவனிட்டை வேலை வாங்கலாம். திறப்பைக் குடுத்து வைக்கேலாது," என்றார். முப்பது வருடத்துக்கு முன் அதே விமான நிலையத்தில் அதே மாதிரி வந்து இறங்கியவர் அவர். சுபாஸ்கரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றோசலின் ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டான்.

மெசின்கள் கம்பளத் தரையில் வரிசையாக நின்றன. இந்த ரகத்தில் குண்டைத் தட்டி விளையாட ஒன்றும் இல்லை. குண்டைச் சுண்டி விட்டால் அது தன் பாட்டில் உருண்டு இருபத்தைந்து குழிகளில் ஏதோ ஒன்றில் விழும்; விழுந்த இலக்கம் எதிரே கண்ணாடிச் சீட்டில் எரியும். வரிசையாக எரிந்தால் வெற்றி. சனிக்கிழமை முதல் பிளக் கழற்றி வைத்திருந்த அந்த மெசினின் அடிப் பலகையைச் சுபாஸ்கரன் திறந்தான். துணி சுற்றிய பழைய வயர்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அதற்குள் புதுப் பச்சை வயர் ஒன்றின் நுனி திருகாணியை விட்டு விலகித் தொங்கியது.

"கண்டியே?" விமலநாதன் சிரித்தார். "அதுதான் உங்கடை கெட்டிக்காரன்."

சுபாஸ்கரன் டோர்ச் அடித்துப் பார்த்தான். மெசினின் இரும்புப் பாகங்கள் எல்லாவற்றையும் இரவிச்சந்திரன் அந்தப் பச்சை வயரால் ஒழுங்காகக் கோத்திருந்தான். நல்ல கை. பின் காலுக்குக் கிட்ட, மின்சாரம் உள்ளே வருகிற வயர் இரும்புத் தகட்டில் நசிந்து, செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்தத் தகட்டில் ஏறிய மின்சாரம் ஒரு சட்டம் விடாமல் முழு மெசினுக்கும் போயிருக்கும். கம்பளத்தில் நின்று ஒரு கையால் மட்டும் தொட்டவர்களுக்குத் தெரியாது. அருமைநாதன் மறு கையைப் பக்கத்து மெசினில் வைத்திருந்தார், அதன் ஏர்த் வயர் ஒழுங்காக இருந்தது. மின்சாரம் அவருடைய நெஞ்சு வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

"அக்கா, நிலைமை சரியில்லை," என்று கிசுகிசுத்தான். "பொலிஸ் சொன்னது மாதிரித்தான் இருக்கு."

"பச்சையை விடு. பதினாறைப் பாரு."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பதினாறாம் பல்பைக் கழற்றி மீற்றரில் பிடித்தான். முள் துள்ளியது. பல்ப் நல்ல பல்ப். வயரைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தான். அறுந்திருக்கவில்லை. குழிப் பலகையை நிமிர்த்தினான். ஒவ்வொரு குழிக்குக் கீழும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். குண்டு விழுந்தால் அதன் பாரத்தில் இரண்டும் முட்டும், பல்ப் எரியும். பதினைந்தை விரலால் அமத்தினான், முட்டியது. பதினேழு, முட்டியது. பதினாறை அமத்தினான். நடுவில் ஏதோ வெள்ளையாகத் தடுத்தது.

"தாள்," என்றான். "இரண்டா மடிச்ச தாள்த் துண்டு. பிழை எங்கையெண்டு தேடேக்கை சந்தேகமான தகட்டுக்கு நடுவிலை இப்பிடி ஒண்டைச் செருகி அதை மட்டும் வெட்டி விடுறது. வேலை முடிய எடுக்கோணும். ஆரோ இருபத்தஞ்சிலை ஒண்டை மறந்திட்டினம்."

மெல்லிய சாமணத்தால் நுனியைக் கவ்வி மெதுவாக இழுத்தான். நீளவாக்கில் கிழித்து, அச்சு வெளியே தெரிய மடித்த கலண்டர்த் தாள். மேல் பக்கத்தில் ஒக்டோபர் 14, செவ்வாய் என்று அச்சு. மறு பக்கத்தைப் பார்க்கத் திருப்பப் போனவனின் கையில் றோசலின் ஒரு தட்டுத் தட்டினாள். தாளைச் சாமணத்தோடு வாங்கி, திகதி வெளியே தெரிய, மறு பக்கம் தன் உள்ளங்கைக்குள் இருக்கப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலாம் திகதி," என்றாள். "நாளையத் தாளை இண்டைக்குக் கிழிக்கிற தமிழ் வீடு இந்த ஊரில இரிக்கா, அண்ணன்? நாள் விடிஞ்ச பிறகுதான் கிழிப்பம். அப்ப இது பதினாலாம் திகதிக்கு முன்னம் இதுக்குள்ள போயிருக்க ஏலாது. இரவிச்சந்திரன் வந்தது ஏழாம் திகதி."

சுபாஸ்கரனுக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. விமலநாதனின் முகம் ஒரு கணம் வெளிறிப் போனதை அவன் கண்டான். ஆனால் ஒரு கணம்தான். மனிதர் மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் பழைய இளக்காரம் திரும்பியிருந்தது.

"நல்ல வேலை செய்தனீர், பிள்ளை," என்றார். "நாளைக்கு நான் பொலிசுக்குக் குடுக்கிறதை நீரே எடுத்துத் தந்திட்டீர். கலண்டர்த் தாள் செருகிறது ஆற்றை பழக்கம்? இரவிச்சந்திரன்ரை. என்ரை போனிலை அம்பது வீடியோ இருக்கு, எல்லாத்திலையும் அவன் தாளோடைதான் நிக்கிறான். திறப்பைப் பறிச்ச கோவத்திலை பதினாலாந் திகதி களவா வந்திருக்கிறான். வந்து வயரைக் கழட்டி விட்டிருக்கிறான். இது மறதி இல்லை. கொலை முயற்சி."

விமலநாதன் சொன்னதைச் சுபாஸ்கரனால் தட்டிவிட முடியவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். மொன்ட்ரியால்-நோரில் அஜிதாவின் அடுப்படிச் சுவரிலும் இதே கனகசிங்கம் கடைக் கலண்டரை அவன் நேற்றுத்தான் கண்டிருந்தான். கவனக் குறைவு என்று போனால் விமானம் ஏற்றுவதோடு போயிருக்கும். இப்போது அவர்களே தேடி எடுத்து, இரவிச்சந்திரனுக்கு வேணுமென்று செய்த குற்றத்தை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"பூட்டு மாத்தினீங்கதானே. எப்பிடி வந்தான்?" றோசலின் கேட்டாள்.

"கள்ளனுக்குத் திறப்பு எதுக்கு?"

"அப்ப இந்தத் தாள் வெளியில இருந்து வந்தது எண்டுறீங்க."

"அவன்ரை வீட்டுத் தாள். எந்தக் கோட்டிலையும் வந்து சொல்லுவன்."

"உங்கட கந்தோர்த் தாள் இல்ல?"

"இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது? கிழிச்சுக் கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்."

"வீடியோ ஓடுதுதானே?"

"ஓடுது. நல்லா ஓடட்டும்."

றோசலின் சாமணத்தைப் போனுக்கு நேரே நீட்டி, தாளைத் திருப்பினாள்.

மடிப்பின் மறு பக்கத்தில், ராகு காலம் 3.00 - 4.30 என்ற சின்ன எழுத்தைச் சுற்றி, சிவப்புப் பேனையால் அழுத்திப் போட்ட ஒரு வட்டம்.

சுபாஸ்கரன் கந்தோர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அங்கேயும் அதே வட்டம். குளிரில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்து அவர்களுக்குப் பாடமாக்கித் தந்தவரே விமலநாதன்தான்.

"நல்ல கள்ளன், ஐயா," என்றான். "பூட்டை உடைச்சு வந்து, உங்கடை பேனையாலை உங்கடை கலண்டரிலை ராகு காலத்துக்கு வட்டம் போட்டு, நேரம் பார்த்துத்தான் வேலை தொடங்கியிருக்கிறான். எங்கடை ஆக்கள் களவெடுத்தாலும் பக்தியை விடுறேல்லை."

"குப்பைக் கூடையிலை இருந்து எடுத்திருப்பான்," என்றார் விமலநாதன். குரலில் பழைய பாரம் இல்லை.

"எதுக்கு எடுப்பான்?" சுபாஸ்கரனுக்கு இப்போதுதான் எல்லாம் கோவையாக வந்தது. நசிந்த வயரைக் காட்டினான். "வயர் இப்பிடி இரும்பிலை முட்டினா, ஏர்த் பூட்டியிருக்கிற வரைக்கும் பிரேக்கர் தானா விழுந்து கரண்டை வெட்டும். போட விழும், போட விழும். மெசின் வேலை செய்யாது, ஆனா ஆரும் சாகவும் மாட்டினம். ஏர்த்தைக் கழட்டினா பிரேக்கர் பேசாமல் இருக்கும். மெசினும் ஓடும். சனிக்கிழமை மெசின் ஓட வேண்டிய தேவை ஆருக்கு இருந்தது? இரவிச்சந்திரனுக்கு அண்டைக்கு வரச் சொல்லவே இல்லையே."

கத்துகிறவனின் வாயைக் கட்டிவிட்டு, வீடு அமைதியாகிவிட்டது என்று நாற்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார். சுபாஸ்கரனுக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"நீங்க எல்லாத்தையும் வீடியோ எடுக்கிற ஆள்," என்றாள் றோசலின். குரலை உயர்த்தவில்லை. "வயர் கழட்ட முன்னம், எது எங்க இருந்தது எண்டு எடுத்து வைப்பீங்க. பதினாலாம் திகதி வீடியோவை இப்ப காட்டுறீங்களா? இல்லாட்டி பொலிஸ் வந்து கேக்கட்டுமா?"

விமலநாதனின் கை தாங்கியில் இருந்த போனை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பக்கத்து மெசினில் சாயப் போனவர், எதையோ நினைத்துத் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு குண்டு கொட்டுகிற மரப் பெட்டியின் மேல் இருந்துவிட்டார்.

"பதின்மூண்டாந் திகதி இதை இழுத்து இங்கை வைச்சனான்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "தனிய இழுத்தனான். அப்பதான் வயர் நசிஞ்சிருக்கோணும். அடுத்த நாள் போட்டால் பிரேக்கர் விழுது. ராகு காலம் முடிய அண்டையத் தாளைக் கிழிச்சு, அவன் செய்யிற மாதிரிச் செருகி ஒவ்வொண்டாப் பார்த்தன். ஒண்டும் பிடிபடேல்லை. கடைசியிலை பச்சையைக் கழட்டினன், நிண்டிட்டுது. களஞ்சியம் முழுக்கச் சனம் வரப் போகுது, நான் என்ன செய்ய?"

"அவனுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே," என்றான் சுபாஸ்கரன். "மொன்ட்ரியால்-நோரிலை இருந்து ஒரு பஸ், ஒரு மெட்ரோ. ஒரு மணித்தியாலத்திலை வந்திருப்பான்."

"எப்பிடி அடிக்கிறது?" முதல் தடவையாக அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம்தான் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "அதுக்கு முதல் கிழமைதான் எல்லாருக்கும் முன்னாலை அவனைக் கள்ளன் மாதிரி நிக்க வைச்சுத் திறப்பை வாங்கினனான். பேந்து நானே கூப்பிட்டு, வந்து பார் எண்டு சொல்லுறதோ? என்ரை வாயாலையோ?"

அந்த ஒரு வாய்க்காகத்தான் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

றோசலின் தாளை ஒரு உறைக்குள் போட்டு மூடினாள். "நீங்க கழட்டினது பிழை. அதைப் பிழையெண்டு சொல்லியிருந்தா, ஒரு பிழையோட போயிருக்கும். நாலு நாளா அவன்ட தலையில வைச்சுக் கட்டினீங்களே, அதைத்தான் என்னால மன்னிக்க ஏலாது. அஜிதாவை உங்கட தங்கச்சி ஆஸ்பத்திரி வாசல்ல வைச்சுத் திட்டக்குள்ள நீங்களும் பக்கத்துல நிண்டீங்களாம்."

நின்றிருக்கிறார். வாய் திறக்காமல் நின்றிருக்கிறார்.

அப்போதுதான் தாங்கியில் இருந்த போன் அடித்தது. சிவப்புப் புள்ளி மறைந்து திரை முழுக்கப் பெயர் வந்தது: தங்கச்சி புஷ்பா.

மூவரும் அதைப் பார்த்தார்கள். அருமைநாதன் கண் விழித்துவிட்டாரோ, இல்லை வேறு செய்தியோ தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எடுத்தவுடன் அவள் அந்த இரவிச்சந்திரனைப் பற்றித்தான் கேட்பாள். வந்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்பாள். நாலு நாளாக அவளுக்குச் சபிக்க ஒரு பெயர் கொடுத்து வைத்திருந்தவர் அவளுடைய அண்ணன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. விமலநாதன் கையை நீட்டவில்லை.

"இப்ப வேண்டாம்," என்றார். "நேரம் சரியில்லை. பேந்து எடுக்கிறன்."

றோசலின் போனைத் தாங்கியில் இருந்து கழற்றி அவருடைய கையில் வைத்தாள்.

"ராகு காலம் ஒண்டரைக்கே முடிஞ்சு போச்சு, அண்ணன். எடுங்க."